கரையில் நின்ற மயில் முந்தியில் ஏன் இளைத்தது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘கரைக்கு வரைந்த மயிலைக் கணினியில் 90 டிகிரி திருப்பி முந்திக்கு வைத்தோம். கோணப் பெட்டியில் 90.00 என்றுதான் கொடுத்தோம். நெய்து பார்த்தால் மயில் இளைத்து நெட்டையாகிவிட்டது. பிழை மென்பொருளிலா, ஜக்கார்டிலா?’ இரண்டிலும் இல்லை. மென்பொருள் 90 டிகிரி என்றால் 90 டிகிரிதான் திருப்பியது. ஜக்கார்டும் அட்டையில் அடித்ததைத்தான் நெய்தது. திருப்பப்பட்டது மயிலே அல்ல, மயில் குடியிருந்த கட்டங்கள். இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை. எந்தப் படத்தையும் எந்தக் கோணத்துக்கும் துளி பிசகாமல் திருப்பித் தருவதாக அவை சொல்லும் வாக்கு, திரையில் ஏறக்குறைய உண்மை. தறிக்கு வந்தால் அந்தத் துல்லியத்துக்கு வேறு இலக்கணம் இருக்கிறது.

மயில் ஏன் திரும்ப வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். புடவை தறியில் நீளவாக்கில் வளர்கிறது. உடுத்தும்போது அந்த நீளம் இடுப்பைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடுகிறது. அதனால் கரையில் நிற்கும் மயில், உடுத்தியவர் உடலில் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், தறியில் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். அதன் தலை, குறுக்கே ஓடும் ஊடை இழை போகும் திசையில் இருக்கும். முந்தியோ தோளில் விழுந்து முதுகில் தொங்குவது. அங்கே மேல் கீழ் என்பது, நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் திசை. ஒரே மயில், ஒரே புடவையில், இரண்டு இடத்தில் இரண்டு திசையில் நிற்கிறது. சரி, கால் வட்டம் திருப்பினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பாவு இழைகளும் ஊடை இழைகளும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பது அபூர்வம். கணக்குக்காகப் பாவு 90, ஊடை 60 என்று வைப்போம். ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று சதுரமாக அமைந்த மயிலுக்கு 90 பாவும் 60 ஊடையும் வேண்டும். கட்டங்களை அப்படியே கால் வட்டம் திருப்பினால் அது 60 பாவு, 90 ஊடை ஆகிறது. துணியில் அளந்தால் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 0.67, உயரம் 1.5. சதுரமாக இருந்த மயில் அகலத்தைப்போல 2.25 மடங்கு உயரமாகிவிட்டது. பாவுக்கும் ஊடைக்கும் உள்ள விகிதம் 1.5தான், மயிலின் உருவம் கெட்டதோ 1.5-இன் வர்க்கம். அகலத்தில் ஒரு முறை, உயரத்தில் ஒரு முறை என்று பிழை இரண்டு தடவை வசூலிக்கப்படுகிறது. கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைத்த இடத்தில் மயில் கொக்காகிவிடுவது இதனால்தான்.

இது புதிய சிக்கலே இல்லையே, அதற்குத்தானே கட்டங்கள் செவ்வகமாக அச்சிட்ட கிராஃப் தாள் இருந்தது என்று மூத்த டிசைனர்கள் சொல்வார்கள். நியாயமான மறுப்பு. 8-க்கு 10, 8-க்கு 12 என்று பாவும் ஊடையும் நெருங்கும் விகிதத்திலேயே கோடு போட்ட தாளில், கண்ணுக்குச் சரியாகத் தெரிவது துணியிலும் சரியாக விழும். நெசவுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் முதலில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஃபோட்டோ திருத்தும் பொது மென்பொருளுக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அதன் உலகத்தில் கட்டம் என்றால் சதுரம். வாசகரின் மயில் இளைத்ததற்கு இவ்வளவு விளக்கம் போதும். ஆனால் அவர் கேட்காத அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: மயிலைக் கால் வட்டம் அல்ல, ஒரு 37 டிகிரி சாய்த்தால்? மாங்காய் புட்டாவைச் சற்றே தலைசாய்க்க வைத்தால்? கொடி வளையும் இடமெல்லாம் பூவைத் திருப்பித் திருப்பி வைத்தால்?

இங்கேதான் கட்டங்கள் முரண்டு பிடிக்கும். சாய்த்த படத்தின் ஒவ்வொரு புள்ளியும் புதிய கட்டத்தின் நட்டநடுவில் போய் உட்காராது. இரண்டு மூன்று கட்டங்களின் எல்லையில் விழும். பழைய கட்டம் ஒவ்வொன்றையும் எடுத்து அருகிலுள்ள புதிய கட்டத்தில் வைத்தால், சில இடத்தில் இரண்டு பேர் ஒரே நாற்காலிக்கு வருவார்கள், சில நாற்காலி காலியாகக் கிடக்கும். படத்தில் ஓட்டை விழும். அதனால் மென்பொருள்கள் தலைகீழாகக் கேட்கின்றன: புதிய கட்டம் ஒவ்வொன்றும், ‘நான் பழைய படத்தில் எங்கே இருந்தேன்?’ என்று பின்னோக்கிப் போய் நிறத்தை வாங்கி வருகிறது. ஓட்டை மறையும். ஆனால் பழைய கட்டம் ஒன்றை இரண்டு பேர் கேட்பதும், இன்னொன்றை யாருமே கேட்காமல் விடுவதும் நடக்கும். யாரும் கேட்காத அந்த ஒரு கட்டம் மயிலின் கண்ணாக இருந்தால், மயில் குருடாகும். ஃபோட்டோவில் இதைச் சமாளிக்க அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து நடுத்தர நிறம் ஒன்றைப் பூசுகிறார்கள். கைலாசநாதர் கோயில் விமானத்தைச் சாய்வாக எடுத்துவிட்டு 2 டிகிரி நிமிர்த்தும்போது படம் லேசாக மங்குவது அந்தக் கலவையால்தான். தறியில் கலக்க முடியாது. சரிகை மேலே தெரியும், அல்லது தெரியாது. அரைச் சரிகை என்று ஒன்று இல்லை. இழைகளைப் பிணைக்கும் முறையை மாற்றி மங்கலான சரிகை நிறம் கொண்டுவர முடியும் என்பது உண்மை. அதற்கு அடுத்தடுத்துப் பல இழைகள் கொண்ட பரப்பு வேண்டும். ஒற்றைக் கட்ட அகலமுள்ள கழுத்து விளிம்பில் அந்த வித்தை எடுபடாது.

அப்படியானால் ஒரு கட்டத்தைக்கூட இழக்காமல், ஒன்றைக்கூட இரட்டிக்காமல் படத்தைச் சாய்க்க வழி உண்டா? உண்டு. அதைக் காட்டுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. திருப்பவே கூடாது, மூன்று முறை நகர்த்த வேண்டும். முதலில் கிடை வரிசைகளை மட்டும் இடப்பக்கம் தள்ளு, மேலே போகப் போக அதிகமாக. அடுத்து நெடு வரிசைகளை மட்டும் மேலும் கீழும் தள்ளு. மூன்றாவதாக மறுபடியும் கிடை வரிசைகளை, முதல் முறை தள்ளிய அதே விகிதத்தில் தள்ளு. படம் திரும்பியிருக்கும். நம்பக் கடினமாக இருந்தால் ஒரு புள்ளியைப் பின்தொடர்வோம். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணத்தின் கோணத்தை எடுத்துக்கொள்வோம், சுமார் 36.87 டிகிரி. அதற்குத் தள்ளும் விகிதங்கள் 3-க்கு 1, 5-க்கு 3, மறுபடி 3-க்கு 1. மயிலின் பாதம் அச்சுப்புள்ளி. கொண்டை நேர் மேலே 30-வது கட்டத்தில். இப்போதைக்குக் கட்டம் சதுரமாகவே இருக்கட்டும். முதல் தள்ளலில் கொண்டை 10 கட்டம் இடப்பக்கம் போகிறது. இரண்டாவதில், இடப்பக்கம் 10 கட்டம் தள்ளியுள்ள அந்த நெடு வரிசை 6 கட்டம் இறங்குகிறது. கொண்டை இப்போது 24-வது உயரத்தில். மூன்றாவதில் 24-க்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 கட்டம், மீண்டும் இடப்பக்கம். மொத்தம் 18 இடம், 24 உயரம். 18-இன் வர்க்கம் 324, 24-இன் வர்க்கம் 576, கூட்டினால் 900. அதன் மூலம் 30. கொண்டை பாதத்திலிருந்து அதே 30 கட்டத் தொலைவில், சாய்ந்து நிற்கிறது. வட்டத்தையே தொடாமல் வட்டப்பாதையின் முடிவுக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு தள்ளலிலும் ஒரு வரிசை முழுதாக, முழு எண்ணில் நகர்கிறது. பின்னம் வந்தால் அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சரிசெய்துகொள்கிறோம். தன் வரிசையை விட்டு யாரும் வெளியேறாததால் யாரும் யார்மேலும் ஏற முடியாது. 5,400 கட்டம் உள்ளே போனால் 5,400 வெளியே வரும்.

வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேர் வீதி முனையில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வடத்தை நேராக ஓர் இழுப்பு. கட்டையை மாற்றிக் கொடுத்து இன்னோர் இழுப்பு. ஒவ்வோர் இழுப்பும் நேர்க்கோடு, சேர்ந்து வருவது திருப்பம். வடம் பிடிப்பவர்கள் வரிசை கலையாமல் நகரும்வரை யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை. வரிசை ஒட்டுமொத்தமாக ஓரடி இடம், பிறகு ஓரடி முன், மறுபடி ஓரடி இடம். அடித்தட்டு அசையாமல் நிற்கையில் மேல் நிலைகள் அதிகம் ஆடுகின்றன. உச்சிக் கலசம் எல்லாரையும்விட அதிகம். நம் மயிலிலும் அச்சுப்புள்ளிக்கு அருகில் உள்ள வரிசைகள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க, கொண்டை வரிசைதான் அதிகத் தூரம் பயணப்படுகிறது. மிக அகலமாகத் திருப்ப முயன்றால் தேர் அலங்காரத் துணிகளின் ஓரம் வீட்டுத் திண்ணையில் உரசுவதுபோல, பெரிய கோணங்களில் மயிலின் ஓரங்களும் பிசிறும். சின்னக் கோணத்துக்கு இந்த முறை சுத்தம்; கோணம் கூடக் கூடப் பிசிறு கூடும்.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் கடிதம் வரும் என்பதால் சுருக்கமாக: இந்த மூன்று தள்ளலை 1986-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் பேத் வெளியிட்டார்; அதே ஆண்டில் ஜப்பானியக் குழு ஒன்றும் இதே வழியை வெளியிட்டது. அட்டையில் துளையிட்டு இழையை ஆளும் ஜக்கார்டு பிரான்சின் லியோன் நகரத்தில் 1804-ல் வந்தது. காஞ்சிபுரத்துக்கு ஜக்கார்டு வரும் முன்னால் அங்கே நூலிலேயே டிசைனைக் கட்டி வைக்கும் அடை இருந்தது.

நமக்கு முக்கியமானது, மூன்று தள்ளல் முறை தறியின் சமமில்லாத கட்டத்திலும் அப்படியே வேலை செய்கிறது என்பது. பாவு 90, ஊடை 60 என்ற நம் கணக்கில், அதே 36.87 டிகிரிக்கு விகிதங்கள் மட்டும் மாறும்: 2 ஊடைக்கு 1 பாவு, 5 பாவுக்கு 2 ஊடை, மறுபடி 2 ஊடைக்கு 1 பாவு. இப்படிச் சொன்னதும் இது நெசவாளியின் பேச்சாகவே ஆகிவிடுகிறது. கோர்வைக் கரையில் முக்கோணமாகக் கூம்பும் பிள்ளையார் மொக்கின் சரிவை யாரும் டிகிரியில் சொல்வதில்லை. எத்தனை ஊடைக்கு எத்தனை பாவு விலக வேண்டும் என்பதுதான் அங்கே கோணம். தறிக்குத் தெரிந்த துல்லியம் முழு எண்களின் விகிதம் மட்டுமே. கோணப் பெட்டியில் இரண்டு தசம இடம் தருவதை ஒரு பெருமையாகச் சொல்லும்போது அதை உரசிப் பார்க்க வேண்டும். 60 கட்ட நீளமுள்ள மயிலை அதன் நடுவிலிருந்து திருப்புகிறோம். நுனி நடுவிலிருந்து 30 கட்டம். நுனி அரைக் கட்டமாவது நகர்ந்தால்தான் அடுத்த கட்டத்துக்குத் தாவும். அதற்கு வேண்டிய கோணம் சுமார் 0.95 டிகிரி. அதற்குக் குறைவாக எதைக் கொடுத்தாலும், 0.50 ஆகட்டும் 0.05 ஆகட்டும், நுனிகூட இருந்த கட்டத்திலேயே இருக்கும். 240 கட்டத்துக்குப் பெரிதாக்கினாலும் எல்லை 0.24 டிகிரிதான். அதற்கப்பாலுள்ள தசமங்கள் துணிக்கு வந்து சேருவதில்லை.

வெக்டர் முறையில், அதாவது கட்டமாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரைந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். பாதி சரி. கோட்டை எத்தனை முறை திருப்பினாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கெடாது. கட்டப்படத்தைப் பத்துப் பத்து டிகிரியாக ஒன்பது முறை திருப்பினால் ஒவ்வொரு முறையும் பிழை ஏறிக்கொண்டே போகும். ஆகவே திருப்பும் வேலையைக் கோடாக இருக்கும்போதே முடிப்பது நல்லது. ஆனால் கடைசியில் அந்தக் கோடும் பாவு ஊடைக் கட்டத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இறக்கத்தில் கண் தொலையும் ஆபத்து அப்படியே இருக்கிறது. கட்டங்களைப் பொடியாக்கினால் போதாதா என்றால், கட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது கணினி அல்ல, பட்டு இழையின் பருமன். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதும் இப்போது கேட்கும் பேச்சு. அது புதிய மயிலை அழகாக வரைந்து தரலாம். அது பழைய மயிலைத் திருப்பியதாகாது. பாட்டி புடவையில் இருந்த அதே மயில் வேண்டும் என்று வருகிறவருக்கு அந்த வேறுபாடு பெரியது.

இன்னொன்றும் உண்டு, பலரும் தவறவிடுவது. சரிகை நீளமாகத் தொங்கினால் வளையலில் மாட்டி இழுபடும். அதனால் சரிகைப் பரப்பின் நடுவே ஒழுங்கான இடைவெளியில் பிணைப்புப் புள்ளிகள் வைக்கிறார்கள். பிணைப்பு போட்டு முடித்த படத்தைச் சாய்த்தால் அந்தப் புள்ளிகளும் சேர்ந்து சாயும். ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் சரிகை நீளமாகத் தொங்கும். மூன்று தள்ளல் கட்டங்களை எண்ணிக் காப்பாற்றும், பிணைப்பின் ஒழுங்கைக் காப்பாற்றாது. ஆகவே வாசகருக்கு என் பதில் இது: மயிலின் வெறும் உருவத்தை அங்குல அளவில் திருப்புங்கள், முந்தியின் பாவு, ஊடை எண்ணிக்கையைக் கொடுத்துக் கட்டத்தில் இறக்குங்கள், பிணைப்பை அதற்குப் பிறகே போடுங்கள். நடுவே, கட்டத்தில் இறக்கிய பின், பிணைப்பு போடும் முன், திரையைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கரை மயிலில் நாலு கட்டம் கொண்ட சின்னச் செவ்வகமாக இருந்த கண், சாய்த்த மயிலில் நாலு கட்டமாகவே இருந்தாலும் படிக்கட்டுபோலக் கோணியிருக்கும். அதில் ஒரு கட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும், மயில் மறுபடி பார்க்கத் தொடங்கும். எந்தக் கட்டம் என்பதைக் கையால்தான் தேட வேண்டும்.