சட்டமில்லாத நிழல்
பிரதமரின் நம்பிக்கைதான் 'ரா'வின் பலம். அதன் பலவீனமும் அதுவே.

1999 மே 26. பெய்ஜிங் சென்றிருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி பர்வேஸ் முஷாரப், ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸுடன் தொலைபேசியில் பேசினார். கார்கில் மலைகளில் இருப்பவர்கள் முஜாஹிதீன்கள், தன் ராணுவத்துக்குச் சம்பந்தமில்லை என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்த நேரம். தளபதிகளின் பேச்சோ வேறு கதை சொன்னது. மூன்றாவதாக ஒரு காதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான 'ரா'வின் காது. ஜூன் 11ல் உரையாடலின் எழுத்து வடிவத்தை இந்தியா வெளியிட்டபோது பாகிஸ்தானின் வேஷம் கலைந்தது.

ஆனால் கார்கிலுக்கு எதிரே 1998ல் எந்தெந்த பாகிஸ்தான் பட்டாலியன்கள் வந்தன, போயின என்பதைக் கோட்டைவிட்டதும் இதே உளவுத் துறைதான். கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு இதை முக்கியத் தோல்வியாகப் பதிவுசெய்தது. பெரிய சாதனை, அதன் நிழலிலேயே பெரிய சறுக்கல். 'ரா'வின் வரலாறு நெடுகிலும் இந்த இரட்டை முகம் தெரிகிறது.

அந்த நிறுவனம் பிறந்ததே தோல்வியில்தான். உள்நாட்டு உளவையும் வெளிநாட்டு உளவையும் ஒருசேரக் கவனித்துவந்த ஐ.பி., 1962ல் சீனப் போரின்போதும் 1965ல் பாகிஸ்தான் போரின்போதும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 1968 செப்டம்பர் 21ல் இந்திரா காந்தி அதை இரண்டாகப் பிரித்தார். சுமார் 250 பேருடன் உருவான புதிய அமைப்புக்கு 'ரிசர்ச் அண்ட் அனாலிசிஸ் விங்' என்று யாரையும் உறுத்தாத பெயர். கேபினட் செயலகத்தின் ஒரு பிரிவு என்பதுதான் அதன் அதிகாரபூர்வ அடையாளம். தலைவராக வந்த ஆர்.என். காவ் அதிகம் பேசாதவர். புகைப்படக்காரர்களின் கண்ணில் படாதவர். அவர் வளர்த்தெடுத்த அதிகாரிகளுக்கு 'காவ்பாய்கள்' என்றே பெயர் நிலைத்தது.

மூன்றே ஆண்டுகளில் பெரிய சோதனை வந்தது. கிழக்கு பாகிஸ்தானில் முக்தி வாஹினி கெரில்லாக்களுக்குப் பயிற்சி அளிப்பதில் ராணுவத்தோடு 'ரா'வும் கைகோத்தது. 1971 டிசம்பர் 16ல் டாக்கா வீழ்ந்தபோது காவின் மதிப்பு உச்சத்துக்குப் போனது. 1975ல் சிக்கிம் இந்தியாவுடன் இணைந்ததிலும் 'ரா'வின் பங்கு பேசப்பட்டது.

இந்திராவின் நிழலில் வளர்ந்ததற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் 'ரா' அரசியல் காரியங்களுக்குப் பயன்பட்டது என்று ஜனதா தலைவர்கள் சந்தேகப்பட்டார்கள். 1977ல் மொரார்ஜி தேசாய் பிரதமரானதும் காவ் விலகினார். பின்னால் வந்த கே. சங்கரன் நாயரும் சில மாதங்களில் வெளியேறினார். நிறுவனத்தின் பட்ஜெட்டிலும் ஆட்களிலும் கத்தரி விழுந்தது. இந்திரா ஆட்சிக்குத் திரும்பிய பிறகு காவ் ஆலோசகராக மறுபடி வந்தார். ஒரு நாட்டின் உளவு நிறுவனம், பிரதமர் மாறும்போதெல்லாம் ஏறி இறங்குவது அப்போதே வழக்கமாகிவிட்டது.

அரசியல் தலைமை எடுக்கும் ரகசிய முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழர்கள் அருகிலிருந்தே பார்த்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு 'ரா' பயிற்சி அளித்தது. நான்கே ஆண்டுகளில் இந்திய அமைதிப் படை புலிகளோடு மோதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழர்கள் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பயிற்சி தருவது என்ற முடிவைப் பற்றி அது எடுக்கப்பட்ட நாளில் நாடாளுமன்றத்துக்கு எதுவும் தெரியாது.

கார்கிலுக்குப் பிறகு சீர்திருத்தங்கள் வந்தன. 2002ல் ராணுவத்துக்கான பொது உளவு அமைப்பும், 2004ல் தொழில்நுட்ப உளவுக்கென்று என்.டி.ஆர்.ஓ.வும் உருவாயின. ஆனால் அதே 2004ல், இணைச் செயலாளர் அந்தஸ்தில் இருந்த 'ரா' அதிகாரி ரவீந்தர் சிங், அமெரிக்காவுக்குத் தகவல் கடத்தியதாகக் கண்காணிப்பில் இருக்கும்போதே நேபாளம் வழியாகத் தப்பிவிட்டார். அமைப்புகளின் எண்ணிக்கை கூடியதே தவிர, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

மற்ற நாடுகள் இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. 1947லேயே சட்டத்தால் உருவானது. 1970களில் அதன் அத்துமீறல்கள் அம்பலமானபோது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் நிரந்தரக் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தன. தன் எம்.ஐ.6 இருப்பதையே நெடுங்காலம் ஒப்புக்கொள்ளாத பிரிட்டன்கூட 1994ல் அதற்குச் சட்டம் இயற்றியது. 'ரா'வை உருவாக்கிய நாடாளுமன்றச் சட்டம் எதுவும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்தும் அதற்கு விலக்கு. உளவு நிறுவனங்களைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவர 2011ல் மணீஷ் திவாரி முன்வைத்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. மாறாக, ஓய்வுபெற்ற உளவு அதிகாரிகள் தங்கள் துறை பற்றி அனுமதியின்றி எழுதக் கூடாது என்ற விதி 2021ல் கடுமையாக்கப்பட்டது.

இனியும் இதைத் தள்ளிப்போட முடியாது. கனடாவில் காலிஸ்தான் ஆதரவாளர் ஒருவர் கொல்லப்பட்டதில் இந்தியாவுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று 2023ல் அந்நாட்டுப் பிரதமர் குற்றம்சாட்டினார்; இந்தியா அதை அடியோடு மறுத்தது. தன் மண்ணில் நடந்த கொலை முயற்சி தொடர்பாக, கேபினட் செயலகத்தில் பணியாற்றிய முன்னாள் ஊழியர் ஒருவர் மீது 2024ல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. இந்திய அரசு அமைத்த விசாரணைக் குழு, பெயர் குறிப்பிடாத ஒரு தனிநபர் மீது சட்ட நடவடிக்கைக்குப் பரிந்துரைத்ததாக 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அரசே அமைத்த குழு, அரசிடமே தந்த அறிக்கை.

உளவு வேலை வெளிச்சத்தில் நடக்க முடியாது. யாரும் அதைக் கேட்கவில்லை. ரகசியம் காக்க உறுதியெடுத்த சில எம்.பி.க்களாவது கேள்வி கேட்க முடிய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சட்டம் வந்தால் அது கடிவாளமாக மட்டும் இருக்காது. தவறான உத்தரவு வரும் நாளில் 'முடியாது' என்று சொல்ல நினைக்கும் அதிகாரிக்கு இன்று எந்தப் பிடிமானமும் இல்லை. சட்டம் அவருக்கு அதைக் கொடுக்கும்.