விண்ணில் ஓர் இல்லறம்

இலங்கையிலிருந்து அயோத்திக்கு மீளும் இராமன், புஷ்பக விமானத்தில் இருந்தபடியே கடலையும் சேதுவையும் கிட்கிந்தையையும் சீதைக்குச் சுட்டிக் காட்டிச் செல்வதை இராமாயணம் கற்றோர் யாவரும் அறிவர். காட்டுபவன் கணவன்; காண்பவள் மனைவி. ஆகாய விமானம் மெய்யாகவே தோன்றிவிட்ட பின்னரும், விமானியை மணந்த பெண்களுட் பலருக்கு வாய்த்தது இந்தக் காணும் பாக்கியம் மட்டுமே. அதனோடு அமைதி கொள்ளாத ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகின்றோம். அவரே அமெரிக்க எழுத்தாளர் ஆன் மொரோ லிண்ட்பேர்க் அம்மையார்.

1927ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் வரை தன்னந்தனியே பறந்து சென்ற சாள்ஸ் லிண்ட்பேர்க், அவ்வாண்டு டிசெம்பரில் மெக்சிக்கோ நகரிலே அமெரிக்கத் தூதுவரின் மகளைக் கண்டார். கவிதையிலே தோய்ந்திருந்த கல்லூரி மாணவி அவர். கூச்ச சுபாவம் மிக்கவர். 1929 மே 27ஆம் நாள் இருவருக்கும் மணம் நடந்தது. அன்று தொட்டுப் பத்திரிகை நிருபர்கள் அவர்களை நிழல் போலத் தொடர்ந்தனர். புதுமணத் தம்பதியருக்கு நிலத்தில் இல்லாத தனிமை வானத்திலேதான் கிடைத்தது. ஆன் அம்மையாரின் பறத்தல் வேட்கைக்கு இதுவும் ஒரு காரணமென்றே நாம் கருதுகின்றோம்.

கணவர் அவரை வெறும் பிரயாணியாக இருக்க விடவில்லை. அம்மையாரும் அதனை விரும்பவில்லை. 1930ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் சான்டியாகோவுக்கு அருகிலுள்ள ஒரு மலையிலிருந்து, இயந்திரமில்லாத மிதவை விமானத்தில் அவர் தனியே பறந்தார். மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றே அத்தகைய விமானத்தைத் தாங்கும். காற்றின் போக்கை உடலால் உணரக் கற்காதவருக்கு அது வசப்படாது. இத்துறையில் முதற்றர அநுமதிப்பத்திரம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி இவரே. மறு ஆண்டில், கணவரே ஆசானாக இருந்து பயிற்றுவிக்க, மோட்டார் விமானம் செலுத்தும் அநுமதியும் பெற்றார். ஆசானோ மிகக் கண்டிப்பானவர். கணவனிடம் பாடங் கேட்பது எத்துணைக் கடினமென்பதை மணமான பெண்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

1931இல் இருவரும் லொக்ஹீட் சிரியஸ் என்னும் கடல்விமானத்தில் கனடா, அலாஸ்கா வழியாக ஜப்பானையும் சீனாவையும் அடைந்தனர். முன் ஆசனத்தில் அவர். பின் ஆசனத்தில் இவர். வானொலித் தந்தி முழுவதும் அம்மையாரின் பொறுப்பு. நீண்ட கம்பியை விமானத்துக்குக் கீழே தொங்கவிடுவார். அலைவரிசைக்கு ஏற்பச் சுருள்களை மாற்றுவார். மோர்ஸ் குறிகளை இரைச்சலினூடே பிரித்தறிவார். செய்தியைத் தாளில் எழுதி முன்னே நீட்டுவார்.

1932 மார்ச் முதலாம் நாள் அவர்களுடைய தலைமகன், இருபது மாதக் குழந்தை, வீட்டிலிருந்து கடத்தப்பட்டான். மே மாதத்தில் அவனுடைய உடலே கிடைத்தது. அந்தத் துயரின் பின்னரும், இரண்டாம் மகனைத் தாயாரிடம் விட்டு, 1933இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சுற்றிய நெடும் பயணத்துக்குப் புறப்பட்டார். அது அவருடைய விருப்பமா, கணவரின் பிடிவாதமா என்று கேட்போர் உளர். இரண்டும் கலந்திருக்கும். சாள்ஸுக்கு ஜெர்மனியில் வேறு குடும்பங்களும் பிள்ளைகளும் இருந்த செய்தி, அவர் 1974இலும் அம்மையார் 2001இலும் மறைந்த பின்னர், 2003இல் வெளிவந்தது. ஒரே விமானத்தில் பறந்தவர் என்பதற்காக ஒருவர் நெஞ்சை மற்றவர் முற்றாக அறிந்திருந்தனர் என்று சொல்ல இயலாது. ஆயினும் அம்மையார் ஈட்டிய திறமையை அச்செய்தி குறைத்துவிடாது.

அத்திறமைக்குப் பெருஞ் சோதனை, ஆபிரிக்காவின் காம்பியாவிலுள்ள பாதர்ஸ்ற் துறைமுகத்திலே நேர்ந்தது. பாதர்ஸ்றின் இன்றைய பெயர் பஞ்சுல். அங்கிருந்து பிரேஸில் சேரச் சமுத்திரத்தைக் கடக்க வேண்டும். எண்ணெய்ப் பாரம் மிகுதி, காற்றோ அசையவில்லை. எதிர்க்காற்று வீசினாலன்றிப் பாரமேறிய கடல்விமானம் நீரை விட்டு எழாது. மீண்டும் மீண்டும் முயன்றனர். விமானம் நீரைக் கிழித்தோடியதேயன்றி எழவில்லை. இன்றியமையாதவை தவிர ஏனையவற்றைக் கழற்றி இறக்கினர். இந்தக் காத்திருப்பையே அம்மையார், காற்றைக் கேளுங்கள் எனப் பொருள்படும் பெயருடன் 1938இல் வெளியான நூலிலே விரித்துரைத்தார். ஏறத்தாழப் பத்து நாட் கதைதான். ஆயினும் காற்றுக்காக ஏங்கும் இரு உள்ளங்களை அதிற் காணலாம்.

டிசெம்பர் 6ஆம் நாள் இருள் விலகுமுன் விமானம் எழுந்தது. கடற்பரப்பின் மேலே ஏறத்தாழப் பதினாறு மணி நேரப் பயணம். முன்னே சாள்ஸ் திசைகாட்டியை நோக்கியிருக்க, பின்னே அம்மையார் காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, தொலைவிலுள்ள நிலையங்களை அழைத்தபடியே இருந்தார். அன்று பிற்பகல் அவர்கள் பிரேஸிலின் நாத்தால் துறையில் இறங்கினர்.