உசரத்தில் இருக்கு உசிர்!

மொட்டை மாடியில் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே நாம் 'தெரியுது... தெரியலே...' என்று கத்திய தூர்தர்ஷன் காலம் ஞாபகம் இருக்கிறதா? அதே காட்சியைக் காசிமேட்டில் பார்த்தேன். மாடிக்குப் பதில் ஃபைபர் படகு, டி.வி.க்குப் பதில் வி.ஹெச்.எஃப். வயர்லெஸ்.

"இன்னா சார், 25 வாட்ஸ் செட்டு. எட்டு கிலோமீட்டர் தாண்டினா கம்முனு ஆயிடுது!" என்றார் படகுக்காரர். ஆன்டெனா எங்கே? படகின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில் கட்டிக் கிடந்தது!

பி.காம். படித்த எனக்கு லாப நஷ்டம்தான் தெரியும். இதுவும் அந்தக் கணக்குதான்.

வி.ஹெச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆகவே நடுவில் கடலே முதுகைக் காட்டி மறைக்கும். இரண்டு படகிலும் ஆன்டெனா தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், சுமார் 8 கிலோமீட்டர்தான். 4 மீட்டருக்கு ஏற்றினால் 16. எத்தனை வாட்ஸ் கூட்டினாலும் கடல் குனிந்து வழிவிடாது!

"அப்போ ரொம்ப நீளமா ஒண்ணு வாங்கிடலாமா?"

அவசரம் வேண்டாம். 6 டி.பி. ஆன்டெனா, டார்ச் லைட் மாதிரி சக்தியை ஒல்லியாகக் குவிக்கும். அலையில் படகு ஆடினால் ஒரு நிமிஷம் மேகத்தோடும், மறு நிமிஷம் மீனோடும் பேசும்! சின்னப் படகுக்கு 3 டி.பி. போதும். நீளம் ஒரு மீட்டர் அளவுதான்.

அடுத்து கேபிள். இவர் ஒரு புரோக்கர். ஒல்லியான ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் போட்டால், மூன்றில் ஒரு பங்கு சக்தியைக் கமிஷன் அடித்துவிடுவார். தடித்த ஆர்.ஜி. 213 என்றால் நஷ்டம் ஏறக்குறைய பாதி. இணைப்பில் உப்புத்தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள். இரும்புக் கம்பியை ஒட்டி ஆன்டெனாவைக் கட்டாதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது, செட்டு புகைந்துவிடலாம்.

எதற்கு இத்தனை பாடு? ஆபத்தில் கூப்பிட இருப்பது சேனல் 16. கூப்பிட்ட குரல் போய்ச் சேரணுமே! 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் உருவானபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்டப் படகுகள் கரையிலிருந்து வி.ஹெச்.எஃப். எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் கருவிதான் வழி. இஸ்ரோ அதற்காக டிரான்ஸ்பாண்டர் தயாரித்தது. ஆனால், கரையோரம் போகிறவருக்கு வயர்லெஸ்தான் துணை.

படகுக்காரர் நீளமான மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்.

"கேக்குதா?"

தூரத்துப் படகிலிருந்து பதில் வந்தது: "கேக்குதுபா... கத்தாதே!"