பட்டமும் கடனும்
இங்கிலாந்தில் குற்றவியல் கற்க எண்ணுவோர் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு

கடன் வாங்கிப் படிப்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் பிள்ளைகளைச் சர்வகலாசாலைக்கு அனுப்பிய பெற்றோர் நம்மிடையே அநேகர். பிள்ளை டொக்டராகவோ எஞ்சினியராகவோ வெளிவந்தால் ஈடும் அடகும் மீண்டுவிடும் என்பது அவர்களது கணக்கு. ஆனால், பட்டத்தின் பெயரில் உத்தியோகத்தின் பெயர் அடங்கியிராத படிப்பாயின் அக்கணக்கை எவ்வாறு போடுவது? இங்கிலாந்தில் கற்பிக்கப்படும் குற்றவியல் அத்தகையதொரு படிப்பு. அங்கு குடியேறிய நம் உறவினரின் பிள்ளைகளும், இங்கிருந்து செல்லும் மாணவரும் அதனை நாடக்கூடுமாதலால், அதன் வரவு செலவைச் சிறிது ஆராய்வோம்.

படிப்பு யாது?

மனிதன் ஏன் குற்றம் புரிகிறான், தண்டனை அவனைத் திருத்துகின்றதா, எத்தகைய சூழலில் குற்றம் மிகுகின்றது என்பவற்றை ஆராய்வதே குற்றவியல். சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளிவிபரம் ஆகியன அதிற் கலந்துள்ளன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1959ஆம் ஆண்டு இதற்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அன்று ஒரு சிலர் ஆராய்ந்த துறை இன்று இங்கிலாந்தின் பல சர்வகலாசாலைகளில் முதற்பட்டத்துக்குரிய பாடமாகிவிட்டது. எனினும் இது சட்டப் பட்டமன்று. இரத்தக்கறையையும் கைரேகையையும் சோதிக்கும் விஞ்ஞானமுமன்று. இவ்வேறுபாட்டை அறியாது சேர்ந்து பின்னர் ஏமாற்றமடைதல் கூடாது.

கடனின் இயல்பு

2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்து மாணவர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அதியுயர் கட்டணம் 9,535 ஸ்டேர்லிங் பவுண். மூன்றாண்டுக்கு 28,605 பவுண். லண்டனுக்கு வெளியே வீட்டை விட்டுத் தங்கிப் படிப்பவர் வாழ்க்கைச் செலவுக்கென அக்கல்வியாண்டில் 10,544 பவுண் வரை கடன் பெறக்கூடியதாயிருந்தது. இரண்டையும் முழுமையாகப் பெற்றால், வட்டி நீங்கலாக, அறுபதாயிரம் பவுண் கடன் தலைமேல் நிற்கும்.

தொகையைக் கேட்டதும் பெற்றோர் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் இது வட்டிக்கடைக்காரனின் கடனன்று. 2023 ஆகஸ்டிலும் அதன் பின்னரும் பட்டப்படிப்பைத் தொடங்கியோர்க்கு வகுக்கப்பட்ட விதியின்படி, வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டும்வரை ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. தாண்டிய பின்னரும், அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு ஒன்பதே அறவிடப்படும். நாற்பது ஆண்டுகளின் பின் எஞ்சிய கடன் தள்ளுபடியாகும். கடன்பட்டவர் இறந்தால் கடனும் அவரோடு முடியும். பெற்றோரின் வீடு ஏலத்துக்கு வராது.

ஆகவே கடனின் மொத்தத் தொகையைவிட, மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டப்படும் தொகையே கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கு 31,000 பவுண் பெறுபவர் 540 பவுண் செலுத்துவார்; மாதம் 45 பவுண். இதே வேளையில், விலைவாசி உயர்வுக்கு ஏற்ப விதிக்கப்படும் வட்டி நூற்றுக்கு மூன்றாயின், அறுபதாயிரத்துக்கு ஆண்டு வட்டி 1,800 பவுண். அவர் கட்டக் கட்டக் கடன் வளரும்! உண்மையில் இதனைக் கடன் என்பதைவிட, நாற்பது ஆண்டுகள் நீடிக்கக்கூடிய ஒரு வரி என்பதே பொருந்தும்.

ஒரே சீருடை, ஒரே சம்பளம்

இனி வரவைப் பார்ப்போம். குற்றவியல் கற்போரிற் பலர் கண்வைப்பது பொலிஸ் சேவை. இங்கிலாந்தில் புதிய கொஸ்தாபல் ஒருவரின் சம்பளம் 2025 செப்டெம்பர் முதல் ஏறத்தாழ 31,000 பவுண். ஆனால் அச்சேவையிற் சேரப் பட்டம் கட்டாயமன்று. சிறைச்சாலை உத்தியோகத்தர் பதவிக்கும் அவ்வாறே. பொலிஸ் சேவையிலே சம்பளம் பெற்றுக்கொண்டே, தொழில் வழங்குவோர் செலவில் பட்டம் பெறும் பயிற்சி முறையும் அங்குண்டு.

இரு இளைஞரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பதினெட்டு வயதிலேயே பொலிஸில் சேருகிறார். மற்றவர் மூன்றாண்டு குற்றவியல் கற்றுச் சேருகிறார். அணிவது ஒரே சீருடை. பெறுவது ஒரே சம்பளத் திட்டம். முன்னவர் அம்மூன்றாண்டில் வரி நீங்குமுன் தொண்ணூறாயிரம் பவுணுக்கு மேல் உழைத்திருப்பார். பின்னவரின் சம்பளத்திலோ 25,000 பவுணுக்கு மேற்பட்ட தொகையில் ஒன்பது வீதம் வெட்டப்படும். படிப்புக்காகக் கைவிட்ட மூன்றாண்டு ஊதியமே, கடனைக் காட்டிலும் பெரிய செலவென்பது இப்பொழுது விளங்கும்.

இதனாற் பட்டம் பயனற்றதென்று நாம் கூறவில்லை. இங்கிலாந்தின் நிதியியல் ஆய்வு நிலையம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டம் பெற்றோரிற் பெரும்பாலோர் வாழ்நாள் வருமானத்தில் நன்மையே அடைகின்றனர். ஆயின் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் சர்வகலாசாலைக்குப் போகாதிருந்தால் பொருளளவில் மேலாக இருந்திருப்பார். அவ்வைந்தாமவர் ஆகாதிருக்கும் வழி யாது? நன்னடத்தை அதிகாரி, குற்றத் தரவுகளை ஆராய்பவர், அரசாங்க ஆராய்ச்சியாளர் முதலிய பதவிகளுக்குக் கற்றறிவு உதவும். அவற்றை நாடுவோர் புள்ளிவிபரத்தைக் கசப்பென்று ஒதுக்காது கற்பாராக. எப்பதவிக்கு எத்தகைமை தேவையென்பதைச் சேருமுன்னரே விசாரித்தறிக.

இங்கிருந்து செல்வோர்

மாணவர் விசாவில் இலங்கையிலிருந்து செல்வோரின் கணக்கு முற்றிலும் வேறு. மேற்கூறிய அரசாங்கக் கடன் அவர்களுக்கில்லை. கட்டணமும் அந்நாட்டு மாணவர் செலுத்துவதிலும் அதிகம். வங்கியிற் பெற்ற கடனோ வருமானத்தைப் பார்த்துக் காத்திராது, நாற்பதாண்டில் தள்ளுபடியுமாகாது. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: நிரந்தரமாக வதியும் உரிமை பெறாத வெளிநாட்டவர் இங்கிலாந்துப் பொலிஸிற் சேர முடியாது. வீட்டை ஈடுவைத்துப் பட்டம் பெற்ற பின்னர், அப்பட்டம் நோக்கும் வாயில் அடைபட்டிருப்பதைக் காண்பதினும் கொடிது வேறென்ன?

குற்றத்தின் காரணத்தை அறியும் கல்வி சமுதாயத்துக்கு வேண்டிய கல்வியே. அதன்மேல் உள்ளம் பதிந்த பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது நன்றன்று. ஆயினும் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். விண்ணப்பப் பத்திரத்தை நிரப்புமுன், பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கமர்ந்து ஒரு தாளில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களாக.