நடை தொடங்கும் முன் இதயத்தைச் சோதித்துக் கொள்வோம்



நமது தொழில் உட்கார்ந்து செய்யும் தொழில். காலையில் கடை திறந்து கல்லாவில் அமர்ந்தால் இரவு கணக்கு முடித்துப் பூட்டுப் போடும்போதுதான் எழுந்திருக்கிறோம். மூட்டை தூக்குபவர் வேறு, சிட்டை எழுதுபவர் வேறு. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு; இடையில் வெளியூர் வியாபாரி வந்தால் அவருடன் ஒரு டீயும் பஜ்ஜியும். இப்படியே இருபது, முப்பது வருடம் ஓடிவிடுகிறது. பிறகு ஒரு நாள் தொந்தி கண்ணில் படுகிறது. அல்லது, "வருகிற பௌர்ணமிக்குக் கிரிவலம் போவோம், அப்படியே தினமும் நடப்போம்" என்று நண்பர் ஒருவர் அழைக்கிறார். மறுநாளே புது ஷூ வாங்கி வேகமாகப் புறப்பட்டு விடுகிறோம்.

நடப்பது நல்லது, அதில் இரண்டாவது கருத்து இல்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023 நவம்பரில் தமிழக அரசும் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்துத் திட்டம் தொடங்கியது. ஆனால் நெடுநாள் நின்ற லாரியில் ஆயிலும் பிரேக்கும் பார்க்காமல் முழு லோடு ஏற்றி மலைப்பாதையில் அனுப்புவோமா? நம் உடம்புக்கும் அதே நியாயம்தான்.

இரண்டு நிகழ்ச்சிகள்

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று காலமானார். வயது 46. கட்டுடல் உள்ளவர், உடற்பயிற்சியை விடாதவர். அன்று காலை உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டு, சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அடுத்த நாட்களில் பெங்களூர் ஜெயதேவா இருதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் கூட்டம் அலைமோதியது. வெளித்தோற்றம் இதயத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை அன்று பலரும் உணர்ந்தார்கள்.

அமெரிக்காவில் ஜிம் ஃபிக்ஸ் என்ற எழுத்தாளர் இருந்தார். 1977இல் ஓட்டப் பயிற்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்று, அந்த நாட்டையே ஓட வைத்தது. 1984 ஜூலையில் ஓடிக் கொண்டிருந்தபோதே விழுந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் ரத்தக் குழாய்களில் பெரும் அடைப்புகள் தெரிந்தன. அவருடைய தந்தைக்கு 35 வயதில் மாரடைப்பு வந்து, 43 வயதில் காலமானார் என்பதுதான் இதில் முக்கியம். ஃபிக்ஸ் 35 வயதுக்குமேல் புகையை விட்டு, எடையைக் குறைத்து, நன்றாகத்தான் வாழ்ந்தார். ஆனால் பரம்பரையாக வந்த பாக்கியை ஓட்டம் மட்டும் அடைத்துவிடவில்லை.

இதைப் படித்துவிட்டு "உடற்பயிற்சியே ஆபத்து" என்று யாரும் கல்லாவிலேயே உட்கார்ந்து விடக் கூடாது. உட்கார்ந்தே இருப்பவருக்குத்தான் இதய நோய் அதிகம். பயிற்சி இருக்கும் நோயை வெளியே காட்டுகிறது. அது வெளிப்படுமுன் நாமே தேடிப் பார்த்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

யாருக்குப் பரிசோதனை அவசியம்?

எல்லோரும் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும் என்பதில்லை. நோய் ஒன்றும் இல்லாமல், உடம்பில் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர் மெதுவான நடையைத் தாராளமாகத் தொடங்கலாம். கீழ்க்கண்டவர்கள் மட்டும் டாக்டரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்:

1. இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஒருமுறை கேட்டுக் கொள்வது நல்லது.

2. நடந்தால், படியேறினால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், தலைசுற்றல், படபடப்பு வருபவர்கள்.

3. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள்.

4. பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்கள்.

5. நாற்பது வயதைத் தாண்டி, இதுவரை உடல் அசையாமல் இருந்துவிட்டு, இனி ஓட்டம், ஜிம், மலையேற்றம் என்று கடுமையாக இறங்க நினைப்பவர்கள்.

நம் கடைத்தெருவில் இந்தப் பட்டியலில் ஒன்றிலாவது வராதவர்களை எண்ணிவிடலாம்.

என்னென்ன பார்ப்பார்கள்?

முதலில் ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். அரை மணிக்குள் காபியோ புகையோ கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது ரத்த அழுத்த நோய். அடுத்தது, வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும். சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். 100 முதல் 125 வரை எச்சரிக்கை மணி.

பிறகு இ.சி.ஜி. இதில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் குழாயில் அடைப்பு இருக்கக் கூடும். கூட்டம் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துவிட்டு தீபாவளி வியாபாரத்தைச் சமாளிக்குமா என்று சொல்ல முடியாதல்லவா? அதற்காகத்தான் டிரெட்மில் சோதனை. ஓடும் பெல்ட்டின் மேல் நடக்க விட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக் கொண்டே இ.சி.ஜி. எடுப்பார்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 சதவீதம் வரை இதயத் துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஐம்பது வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 145. இதயத்தின் தசையும் வால்வும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க எக்கோ உண்டு.

டிரெட்மில்லும் எக்கோவும் டாக்டர் சொன்னால் மட்டும் போதும். சலுகை விலை என்று விளம்பரம் பார்த்து எல்லாச் சோதனைகளையும் மொத்தமாக வாங்க வேண்டாம். தேவையில்லாத சரக்கை மலிவு என்று வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். மேற்கொண்டு வேண்டுமானால் நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

"கேஸ்" என்று சோடா குடிக்க வேண்டாம்

நெஞ்சு அடைத்தால் வாயு என்று சோடா குடிப்பதும், ஓமத்தை மெல்லுவதும், வியாபாரம் முடியட்டும் என்று கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பதும் நம்மிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற இறுக்கம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். பெண்களுக்குச் சில சமயம் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டுமே அடையாளமாக இருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றாலும் முதல் மாத்திரைகள் கிடைக்கும். இதற்காகவே 2023இல் "இதயம் காப்போம்" திட்டம் கொண்டு வரப்பட்டது.

கிரிவலம் நல்ல பயிற்சிதான்

நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல் மெதுவாக நடக்க வேண்டும் என்பது கிரிவலத்துக்குப் பெரியவர்கள் வகுத்த முறை. நடந்து கொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று இன்றைய மருத்துவரும் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதான்.

முதல் நாளே 14 கிலோமீட்டர் வேண்டாம். முதல் வாரம் பதினைந்து நிமிடம், அடுத்த வாரம் இருபது என்று கூட்டலாம். பழகப் பழக இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம், பிறகு எம லிங்கம், நிருதி லிங்கம் என்று எல்லையை நீட்டிக் கொள்ளலாம். முதல் முழுச் சுற்றைச் சாதாரண நாளில் வைத்துக் கொள்ளுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வருவதே சிரமம். துணையோடு செல்லுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் வீட்டு டெலிபோன் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடன் நடப்பது பற்றி டாக்டரைக் கேளுங்கள்.

மலை ஏறுவது வேறு கணக்கு. நமது மலை 2,668 அடி. கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024ஆம் ஆண்டு ஏறிய பக்தர்களில் சிலர் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் இறந்தபோது, இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக் கொண்டது. சபரிமலைப் பாதையில் அப்பாச்சிமேட்டில் இதய சிகிச்சை மையமே வைத்திருக்கிறார்கள். அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்று இல்லாமல் அனுமதியே இல்லை. அங்கெல்லாம் பிறர் கேட்கிறார்கள். இங்கே நாமே நம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

கடையும் குடும்பமும்

மாதச் சம்பளக்காரர் படுத்தால் அலுவலகம் நடக்கும். நமது கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடம் கைமாற்று, எந்த ஊருக்கு என்ன சரக்கு போயிருக்கிறது என்பதில் பாதி முதலாளியின் மனதில்தான் இருக்கிறது. அவர் திடீரென்று போய்விட்டால் கொடுத்தவர் அன்றே வாசலில் நிற்பார், வாங்கியவர் வரமாட்டார். சிட்டை புரியாத மனைவியும் படிப்பு முடியாத பிள்ளையும் கல்லாவின் முன் திகைத்து நிற்பார்கள்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். கணக்குக்கு ஆடிட்டர் வைத்திருக்கிறோம். நம் இதயத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்குவது பெரிய செலவல்ல. மே 5 வணிகர் தினத்தன்று கடைக்கு எப்படியும் விடுமுறை. அதையொட்டி ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றையும் பார்க்க ஒரு முகாம் நடத்தச் சங்க நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். முதலாளிகளோடு, கடைகளில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களும் அதில் பங்கு பெற வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.