வீட்டிலிருந்தே ஒரு வேலை: வாய்ப்பும் எச்சரிக்கையும்

வீட்டில் இருந்துகொண்டே நாலு காசு சம்பாதிக்க வழி உண்டா? இந்தக் கேள்வி நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. தையல், பீடி சுற்றுதல், தீப்பெட்டி ஒட்டுதல், ஊறுகாய் போடுதல், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தல் என்று நம் தாய்மார்கள் பல தலைமுறைகளாக வீட்டையே பணிக்கூடமாக மாற்றி வந்திருக்கிறார்கள். இன்று அந்த வரிசையில் கணினியும் இணையமும் சேர்ந்திருக்கின்றன. பட்டப்படிப்பு முடித்து, திருமணத்திற்குப் பின் வேலையை விட்ட பெண்கள், வயதான பெற்றோரைப் பராமரிக்க வேண்டியவர்கள், உடல் குறைபாட்டினால் அன்றாடம் பேருந்தில் பயணம் செய்ய இயலாதவர்கள் எனப் பலர் நாடும் ஒரு வேலைதான் 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' எனப்படும் இணையவழி உதவியாளர் பணி. இதைப்பற்றி நாம் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், இதில் உண்மையான பிழைப்பும் இருக்கிறது, பிழைப்பின் பெயரால் விரிக்கப்படும் வலையும் இருக்கிறது.

இது என்ன வேலை?

ஒரு அலுவலகத்தில் மேலாளருக்கு உதவியாளர் ஒருவர் இருப்பார். கடிதங்களைப் பிரிப்பார், சந்திப்பு நேரங்களைக் குறித்து வைப்பார், பயணச்சீட்டு பதிவு செய்வார், பில் அனுப்புவார், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வார். இந்த வேலைகளையே வேறொரு ஊரிலோ நாட்டிலோ இருந்துகொண்டு இணையம் வழியாகச் செய்பவர்தான் இணையவழி உதவியாளர். தனி ஒருவராக மருத்துவ ஆலோசனை மையமோ, சிறிய கடையோ, பயிற்சி வகுப்போ நடத்தும் ஒருவரால் முழுநேரப் பணியாளரை வைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு நாளுக்கு இரண்டு மணிநேர உதவி போதும். அந்த இரண்டு மணிநேரத்தைத்தான் நாம் விற்கிறோம். பிலிப்பீன்ஸ் நாட்டில் ஏராளமானோர் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். நம் நாட்டிலும் பலர் இதைச் செய்துவருகின்றனர்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கணினி, தடைபடாத இணைய இணைப்பு, மின்வெட்டின்போது கைகொடுக்க இன்வெர்ட்டர், ஓரளவு ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் திறன் ஆகியவை அடிப்படைத் தேவைகள். மின்னஞ்சல், கூகுள் காலண்டர், எக்செல், ஜூம் போன்றவற்றை நன்கு கையாளத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சொன்ன நேரத்தில் சொன்ன வேலையை முடிக்கும் பழக்கம் வேண்டும். முகம் பார்க்காத முதலாளிக்கு நம்மைப்பற்றித் தெரிவது அது ஒன்றுதான்.

வேலை எப்படிக் கிடைக்கிறது?

பெரும்பாலானோர் ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையச் சந்தைகள் வழியாகத் தொடங்குகின்றனர். 1999ல் தொடங்கிய ஈலான்ஸ், 2003ல் தொடங்கிய ஓடெஸ்க் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து, 2015ல் அப்வொர்க் என்று பெயர் பெற்றது. ஃபைவர் 2010ல் தொடங்கப்பட்டது. இந்தச் சந்தைகள் இலவசமாக நடப்பதில்லை. ஃபைவரில் நாம் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் 20 அந்நிறுவனத்திற்குச் சென்றுவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மணிக்கு 5 டாலர் என்று ஒப்புக்கொண்டு, நாளுக்கு 4 மணிநேரம், மாதம் 20 நாட்கள் உழைக்கிறார் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 மணிநேரம், 400 டாலர். இதில் 20 விழுக்காடு கழிந்தால் மிஞ்சுவது 320 டாலர். ஆனால், வேலை தேடுவதற்கும், விண்ணப்பம் எழுதுவதற்கும், கணக்கு வைப்பதற்கும் நாளுக்கு ஒரு மணிநேரமாவது செலவாகும். அதற்கு யாரும் ஊதியம் தருவதில்லை. அதையும் சேர்த்தால் 100 மணிநேர உழைப்பு. ஆக, உண்மையான ஊதியம் மணிக்கு 3 டாலர் 20 சென்ட். இதற்குமேல் வங்கிக் கட்டணமும் உண்டு. 'மணிக்கு 5 டாலர்' என்ற விளம்பரத்திற்கும் கையில் வரும் தொகைக்கும் உள்ள இடைவெளியை முதலிலேயே புரிந்துகொண்டால், பின்னால் மனம் உடையாது.

நேரமும் குடும்பமும்

வீட்டிலிருந்து வேலை என்றால் நேரம் நம் கையில் என்று எண்ணுகிறோம். ஆனால், அது எப்போதும் உண்மையல்ல. இலண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30, கோடைக் காலத்தில் 1.30. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, கோடைக் காலத்தில் மாலை 6.30. பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரமும், குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் நேரமும் அதுதானே! சில சந்தைகளில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவரின் கணினித் திரையை அவ்வப்போது படம் எடுக்கும் மென்பொருளும் உண்டு. குழந்தை அழுகிறது என்று எழுந்து சென்றால், அந்த நிமிடங்கள் கணக்கில் குறையும்.

எனவே, குடும்பத்தார் இதை ஒரு வேலையாக மதிக்க வேண்டும். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்ற சொல், கணினிமுன் நான்கு மணிநேரம் கண் வலிக்க உழைத்தவரை எவ்வளவு காயப்படுத்தும்! அலுவலகம் சென்று திரும்பும் கணவருக்குத் தேநீர் தரும் வீடு, உள்ளறையில் பணி முடித்து வெளியே வரும் மனைவிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் தர வேண்டாமா? சமையலும் துணி துவைப்பதும் முன்பு போலவே அவர்மேல் மட்டும் விழுந்தால், இது வருமானம் தரும் வழியாக இல்லாமல் இரட்டைச் சுமையாகவே முடியும்.

ஏமாற்றும் கூட்டம்

நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய பகுதி இது. வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை என்று பெயர் எதுவாக இருந்தாலும், முதலில் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிட வேண்டும்.

இன்னொரு வகை மோசடி இன்னும் கொடியது. தட்டச்சு வேலை என்று கூறி, நூற்றுக்கணக்கான பக்கங்களைக் குறுகிய நாட்களில் முடிக்கச் சொல்வார்கள். முடித்தபின் பிழைகள் அதிகம் என்பார்கள். பின்னர் வழக்கறிஞர் என்ற பெயரில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒப்பந்தத்தை மீறியதால் வழக்கு வரும், இத்தனை ஆயிரம் கட்டினால் தப்பிக்கலாம் என மிரட்டுவார். பயத்திலும் வெட்கத்திலும் வீட்டாருக்குச் சொல்லாமல் நகையை அடகு வைத்துக் கட்டுபவர்கள் உண்டு. ஒரு தொலைபேசி மிரட்டலால் எவரும் சிறைக்குச் செல்வதில்லை. பணம் கட்டாமல், உடனே 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் போய்விட்டாலும், எவ்வளவு விரைவாகப் புகார் செய்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

அதுபோல, நம் வங்கிக் கணக்கை மற்றவரின் பணம் வந்து போகக் கொடுப்பதும் கூடாது. 'கமிஷன் தருகிறோம்' என்ற சொல்லை நம்பிக் கொடுத்தால், திருட்டுப் பணம் நம் கணக்கு வழியே சென்று, விசாரணை நம் வாசலில் வந்து நிற்கும்.

நம்பிக்கையும் சேமிப்பும்

முதலாளியின் மின்னஞ்சல், கடவுச்சொல், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை நம் கையில் இருக்கும். வீட்டுச் சாவியை ஒருவர் நம்மிடம் ஒப்படைத்ததற்குச் சமம் இது. எனவே, அவற்றை வேறெவரும் பார்க்கவிடாமல் காப்பது நம் கடமை. அதேவேளை, வேலையின் அளவு, ஊதியம், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது நம் உரிமை.

பன்னாட்டுத் தொழில் நிறுவனமான ஐ.எல்.ஓ. 1996ல் வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென 177 எண்ணுள்ள உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் இணையவில்லை. மேலும், தன்னிச்சையாகத் தொழில் செய்வோர் அந்த உடன்படிக்கைக்குள் வருவதில்லை. பலரிடம் வேலை பெற்றுச் செய்யும் இணையவழி உதவியாளருக்கு வருங்கால வைப்புநிதி இல்லை, நோய்க்கால விடுப்பு இல்லை, பேறுகால ஊதியமும் இல்லை. ஆகவே, இந்தப் பாதுகாப்பை அவரே அமைத்துக்கொள்ள வேண்டும். 15 ஆண்டுகால பி.பி.எஃப். கணக்கு, 2009 முதல் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம், ஒரு மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் மாதம் சிறு தொகையாவது போட்டுவருவது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் வருமான வரிக் கணக்கில் சேரும் என்பதால், வங்கிச் சான்றுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

2022ன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், வெறும் தட்டச்சுக்கும் எளிய கடிதங்களுக்கும் ஆள் தேவை குறைந்துவருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கணக்குப் பதிவு, வாடிக்கையாளரின் குறையைப் பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்பது என்று, மனிதரின் பொறுப்பு தேவைப்படும் ஒரு திறனை வளர்த்துக்கொள்பவருக்கே வேலை நிலைக்கும்.

நம் தெருவிலும் அன்பியத்திலும் இந்த வேலையைத் தேடும் ஒருவராவது இருப்பார். விளம்பரத்தைக் காட்டி, 'இது உண்மையா?' என்று அவர் கேட்கும்போது, சிரித்து ஒதுக்காமல், உடன் அமர்ந்து படித்துப் பார்ப்போம். ஏற்கெனவே இப்பணியில் இருப்பவர்கள், புதிதாக வருவோருக்கு வாரம் ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுக்க முன்வரலாம். ஏமாந்துபோனவர்களைக் குறைசொல்லாமல், காவல்நிலையம் வரை உடன் செல்வோம். நாலு சுவருக்குள் நடப்பதால் ஓர் உழைப்பு சிறியதாகிவிடாது. அந்த உழைப்பிற்குரிய மதிப்பையும் பாதுகாப்பையும் நம் இல்லங்களிலிருந்தே வழங்கத் தொடங்குவோம்.