விருந்தினர் மாட்டும் படங்கள்

கலியாண வரவேற்பில் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்வது, ரேஷன் கடை வரிசையில் நிற்பதற்கு ஒப்பானது. அரை மணி நேரம் காத்திருந்து, அரை நிமிஷம் சிரித்துவிட்டு இறங்குகிறோம். படியேற இயலாத முதியோர்களோ ஆல்பத்தில் இடம்பெறுவதே இல்லை.

இக்குறை தீர வழியுண்டு. எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர் 1947-ல் உடனடிப் படக் காமிராவைச் செய்து காட்டினார். அவ்வினத்தைச் சேர்ந்த 'இன்ஸ்டாக்ஸ் மினி' 1998-ல் ஜப்பானில் வெளிவந்தது. படம் சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சற்றே சிறியது. சில நிமிஷங்களில் முகம் தெளிந்துவிடும். மண்டப வாசலருகே சணல் கயிறு கட்டி, மரக் கிளிப்புகளும் பேனாவும் வைத்தால் போதும். விருந்தினர் தாமே படம் பிடித்து, அடியிலுள்ள வெள்ளை இடத்தில் ஒரு வரி எழ்தி மாட்டுவர். ஒரு பெட்டியில் பத்துப் படங்களே உண்டு. ஆகையால் காமிராவைச் சிறுவர் வசம் ஒப்புவிப்பது உசிதமன்று!

நாம் சென்றிருந்த வரவேற்பொன்றில், மணமகளின் தம்பி காமிராவை முழங்கால் வலியால் கீழேயே அமர்ந்திருந்த அத்தைப் பாட்டியிடம் எடுத்துச் சென்றான். பாட்டி நடுங்கும் கையால், "உனக்கு எங்கள் அம்மாவின் மூக்கு" என்று எழுதினார். மணமகளுக்கு அது அன்றுதான் தெரிந்தது. மறு வருஷம் பாட்டி காலமானார். மேடைப் படங்கள் ஒன்றிலும் அவர் இல்லை. அந்தச் சீட்டில் இருக்கிறார்.